முழு சார்ஜில் ஓர் இறக்கம்

மாமா,

ஜீப்பை விலை பார்க்க ஆள் வருகிறார் என்று நேற்று அதைக் கழுவினேன். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் துடைப்பத்தை விட்டு இழுத்தபோது, காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன். டீசல் வாசம்தான் அடித்தது. உங்கள் மகனை டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை நாமக்கல் கூட்டிப்போன நாட்களில் அவர் கையில் நீங்கள் திணித்த பழங்களில் அது ஒன்று. "மோந்துட்டே வா சாமி, காரவள்ளி போயிட்டா சரியாப் போயிரும்" என்பீர்கள். நம் மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி போவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதற்குள் இரண்டு தடவையாவது வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுப்பார்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். எனக்கு உங்கள் கை வரவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி உதறும், அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது துவண்டு கிடப்பார். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று பாதியிலேயே மெஷினை நிறுத்திய நாட்களும் உண்டு. பள்ளிக்கூடத்து வேலையைக் கீழே மாற்றித்தரச் சொல்லி நான் கொடுத்த மனு இன்னும் அசையவில்லை. போன மாசி மாதம் ஒருநாள், சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார்: "இனிமே வாரத்துக்கு ஒருக்காப் போனாப் போதும் புள்ள. இந்த ரோட்டுல ரெண்டு தடவை எறங்கறதுக்கு, எறங்காமயே இருந்துக்கறேன்."

டாக்டரிடம் கேட்டேன். வாரத்தில் ஒரு தடவையை விட்டால் என்ன ஆகும் என்று அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அதை உங்களுக்கு எழுத வேண்டாம்.

அப்படித்தான் மின்சாரக் கார் யோசனை வந்தது. புகை வாசம் இல்லை, கியர் இல்லை, உதறல் இல்லை. ஆசிரியர் அறையில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஃபோனில் கிராஸ்ஓவர்களாகப் பார்த்தேன். கொஞ்சம் உயரமாக நிற்கிற, நம் ரோட்டுக்கு அடி தட்டாத வண்டிகள். பேட்டரி எவ்வளவு, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம், வீட்டு பிளக்கில் எத்தனை மணி நேரம் என்று ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விற்பனைக்கு வந்துவிட்ட வண்டியைவிட வரப்போகிற வண்டி எப்போதும் அழகாக இருந்தது. விலை மட்டும் 'எதிர்பார்க்கப்படும் விலை'. ஒவ்வொரு வீடியோவிலும் ஒவ்வொரு எதிர்பார்ப்பு. கூரை முழுக்கக் கண்ணாடி வைத்த ஒன்றைக் காட்டியபோது உங்கள் மகன், "அது எதுக்கு? மேல பாத்து வாந்தி எடுக்கவா?" என்றார்.

அப்போதெல்லாம் நீங்கள் மிக்சி வாங்கிய கதைதான் நினைவுக்கு வரும். எனக்குக் கல்யாணமான புதிது. ஊறவைத்த உளுந்தைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறினீர்கள். இதை அரைத்துக் காட்டுங்கள் என்று நீங்கள் நீட்ட, கடைக்காரர் பார்த்த பார்வையில் எனக்கு உடம்பு கூசியது. வெளியே வந்ததும், "அவன் சொல்றதெல்லாம் கடையில நடக்கும் கண்ணு. நம்ம ஊட்டுல நடக்கோணுமல்ல" என்றீர்கள். நாலு கடை உளுந்து அரைத்தும் அன்றைக்கு மிக்சி வாங்கவில்லை. புது மாடல் வரப்போகிறதென்று யாரோ சொன்னார்கள். அது வருகிறவரை ஆட்டுக்கல்தான்.

கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றேன். ஒன்று நாமக்கல் ஷோரூமில் நிற்பது. இன்னொன்று தீபாவளியை ஒட்டி வரும் என்கிறார்கள், பேட்டரி பெரிது, விலையும் குறையுமாம்.

"அது வரட்டுமே" என்றார் உங்கள் மகன்.

"வர்ற வரைக்கும்?"

"அதான் சொன்னனே. வாரத்துக்கு ஒருக்கா."

உப்புக் குறைவு என்று சொல்வதைப்போலச் சொன்னார். 

ஷோரூம் வண்டியை நாமக்கல் ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி தானே வேகம் குறைகிறது. அப்படிக் குறையும்போது பேட்டரிக்கும் கொஞ்சம் கரண்ட் திரும்பி வருகிறதாம். இறக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் விடவில்லை நான். மலைக்குக் கொண்டுவாருங்கள், எங்கள் வீட்டில் சார்ஜ் போட்டு, டயாலிசிஸ் அன்று இவரை உட்காரவைத்து இறக்கிப் பார்க்கிறேன் என்றேன். விற்பனைக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பழக்கமானதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, ராத்திரி முழுக்க எங்கள் வாசலில் சார்ஜ் ஏறிய வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு விற்பனைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "நூறு பர்சென்ட் ஏத்தியாச்சுங்க மேடம்."

முதல் வளைவுக்கு முன்னால் நாமக்கல் ரோட்டில் செய்ததுபோலக் காலை எடுத்தேன். யாரும் பிடித்து இழுக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிரேக்கை அழுத்தினேன். பழக்கமில்லாத பிரேக், எல்லோரும் முன்னால் சாய்ந்தோம். அடுத்த வளைவிலும் அப்படியே. பின்னால் விற்பனைக்காரர் கைப்பிடியில் தொங்கினார். எதிரே ஏறிவந்த பஸ்ஸுக்காக நான் மறுபடியும் அழுத்தியதில், பக்கத்தில் இருந்தவர் முகம் வெளுத்துவிட்டது. அகலமான ஓர் இடம் பார்த்து ஓரங்கட்டினேன். அவர் இறங்கிப்போய்க் குனிந்து நின்றார். அந்தப் பிடிமானம் எங்கே போனது என்று விற்பனைக்காரரைத் திரும்பிக் கேட்டேன். 

விற்பனைக்காரர் யாருக்கோ ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தார். "பேட்டரி ஃபுல்லா இருந்தா அந்தப் பிடிமானம் இருக்காதாமுங்க. கரண்ட் போறதுக்கு எடமில்லையாம்."

வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவர் கேட்டார்: "நெறஞ்ச கொடத்துல எங்கீங்க போயி ஊத்தறது?"

மலை உச்சியில் குடியிருந்து, ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, காலையில் நேராக இறங்குகிறவர்கள் நாம்தானே. நான் பார்த்த எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

"வரப்போற வண்டியில இது எப்படிங்க?" என்று கேட்டேன்.

"அது வந்தாத்தானுங்க தெரியும்."

மெஷினுக்குக் கொடுத்திருந்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு விட்டுரு புள்ள. ஊட்டுக்குப் போலாம்" என்றார் உங்கள் மகன். சும்மா சொல்லவில்லை. ஆசையாகச் சொன்னார். அந்த ஆசைதான் எனக்கு வளைவைவிடப் பயமாக இருந்தது. நர்ஸுக்கு ஃபோன் செய்தேன். பதினொன்றுக்குள் வந்தால் பார்க்கலாம், அதற்குமேல் மெஷினை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார்.

வண்டியைத் திருப்பி மேலே ஏற்றினேன். வீட்டுக்குப் போகவில்லை. ஏசியை முழுதாகத் திறந்துவிட்டு, மலைமேலேயே அரியூர் நாட்டுப் பக்கம் மேடும் பள்ளமுமாகப் போய்த் திரும்பினேன். பேட்டரி சதவீதத்தைப் பார்ப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒன்று நத்தையாக இறங்க, மற்றொன்று ஓடியது. மரவள்ளிக் காட்டில் நின்றவர்கள் நாங்கள் இரண்டாவது முறை கடந்தபோது நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பெட்ரோல் போட்டு ஊர் சுத்துனவங்களப் பாத்திருக்கேன்" என்றார் பக்கத்திலிருந்தவர். "கரண்டைக் கொட்டறதுக்கு ஊர் சுத்தறது நாமதான்." பின்னாலிருந்து, "எனக்கு இதெல்லாம் புதுசுங்க சார்" என்று ஒரு குரல் வந்தது.

இரண்டாம் முறை இறங்கினோம். முதல் வளைவில் காலை எடுத்தேன். பிடித்தது. நாமக்கல் ரோட்டில் பிடித்த அளவுக்கு இல்லை, ஆனால் பிடித்தது. மிச்சத்துக்குப் பிரேக்கை மெதுவாகத் தொட்டுக்கொண்டேன். பாதி வளைவுகளுக்குமேல் அவரிடமிருந்து சத்தமே வரவில்லை. நிறுத்தச் சொல்லவும் இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. காரவள்ளியில் சமதளம் வந்ததும்தான் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் படியேறினோம். அன்றைக்கு மெஷினைப் பாதியில் நிறுத்தவில்லை. சாயங்காலம் திரும்பி ஏறும்போது ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "வெள்ளிக்கெழமைக்கும் இந்த வண்டியத் தருவாங்களா?"

மறுநாளே அந்த வண்டிக்குப் பதிவு செய்தேன். தீபாவளிக்கு வருவது இதைவிட நல்லதாக இருக்கலாம், விலையும் குறையலாம். இருந்துவிட்டுப் போகட்டும். ராத்திரி சார்ஜ் போட்டாலும் எண்பதில் நின்றுகொள்கிற ஏற்பாடு இதில் இருக்கிறது, உங்கள் மகனே தேடிக் கண்டுபிடித்தார். கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதுவரை ஜீப்தான். ஆனால் இரண்டு நாளும் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை முதல் வளைவுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி, உள்ளங்கைகளைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவும் இதே எடத்துல நிறுத்தித் துண்டுல கையத் தொடைப்பாரு. வெயிலுக்கு வர்ற வேர்வைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், மாமா. அத்தனை வருடம் இந்த ரோட்டில் ஓட்டியவருக்குப் பயம் இருக்குமென்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நீங்களும் அதை ஒருநாளும் காட்டியதில்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே இறங்கியிருக்கிறீர்கள். இப்போது அந்தப் பயம் என் கையில் இருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டு ஹார்ன் அடித்துத் திரும்புகிறேன்.