பலகையில் எழுதாத இரண்டு பெயர்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் முழுதாக இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுத மனம் வரவில்லை. மாப்பிள்ளையும் பேரனும் நன்றாக இருக்க வேண்டும், உன்னைப் பற்றிப் பிறகு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் 'நீதானேம்மா சொன்ன' என்று ஒரு வார்த்தை கேட்டாயே, அதற்குத்தான் போனை வைத்தேன், லைன் தானாகக் கட்டாகவில்லை. மறுபடி நாலு தடவை அடித்தாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அது அலறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் நீ குறுக்கே பேசுவாய், பேச்சில் உன்னை ஜெயிக்க என்னால் ஆகாது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால் பேனாவை எடுத்தேன். சாலை ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் திறந்துவிட்டது, தபால் போகிறது. முழுதாகப் படி, பாதியில் மடித்து வைக்காதே.

இங்கே நடந்தது உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். மூன்று நாள் விடாமல் மழை பெய்து, திங்கட்கிழமை காலை பால் வண்டி போன பத்தாவது நிமிடம் கொண்டை ஊசி வளைவில் மலை சரிந்தது. சத்தம் கேட்டுக் கடல்தான் ஏறி வருகிறது என்று கீழே இருந்தவர்கள் மேலே ஓடினார்கள், மலை வருகிறது என்று மேலே இருந்தவர்கள் கீழே ஓடினார்கள், இரண்டு கூட்டமும் ரொட்டிக் கடை வாசலில் மோதிக்கொண்டு நின்றது. ஊருக்கு இருப்பது ஒரே சாலை, அதில் இருநூறு அடி நீளத்துக்கு மண்ணும் பாறையும் வேரோடு பிடுங்கிய மரங்களும். மின்சாரம் போயிற்று, செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. ஆனால் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சரிவுக்குக் கீழே இருந்த நாலு குடும்பத்தையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். ஐஸ் ஃபேக்டரி ஜெனரேட்டரை ஓட்டி, கிளினிக்கில் இருந்த இன்சுலினை அங்கே வைத்தோம். ஆண் பெண் எல்லோரும் மீன் பெட்டிகளில் மண்ணை அள்ளிக் கைமாற்றிக் கடலில் கொட்டினார்கள். தோண்டுகிறவர்கள் தலையில் மேலிருந்து கல் விழாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று, முட்டி தேய்ந்த உன் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கழுத்தில் விசிலை மாட்டினார்கள். முப்பது வருடம் பஸ் ஓட்டியும் ஹாரன் அடிக்க யோசித்த மனிதர், காக்கா பறந்தாலும் ஊதித் தள்ளினார். இரண்டு தடவை நிஜமாகவே கல் உருண்டது, ஒருவருக்கும் அடியில்லை. இன்றுவரை தலைகால் புரியாமல் நடக்கிறார், விசிலையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

எனக்குக் கொடுத்த வேலை பட்டியல். நிவாரண அலுவலகத்துப் படகு புதன்கிழமை காலை, கடலில் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் வரும், ஒன்பது பேரை ஏற்றும் என்று, ஐஸ் ஃபேக்டரி மாடியில் மட்டும் எட்டிய போனில் செய்தி வந்தது. யாருக்கு என்ன நோய், யார் எந்த மாத்திரையில் நடமாடுகிறார்கள் என்று எனக்குத்தானே தெரியும், இருபத்தாறு வருடம் இந்த ஊர் கிளினிக்கில் ஊசி போட்டவள் நான். நர்ஸம்மா எழுதட்டும் என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை மீன் ஏலக் கூடத்தில் விலை எழுதும் கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பலகையில் எழுதும்போதே ஆட்சேபம் சொல்லிவிட வேண்டும், சாக்பீஸைக் கீழே வைத்தபிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது, ஏலத்தில் இருக்கிற அதே பழக்கம். முதல் பெயர் நம் தையல்காரர். அவருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், அன்றைய முறைக்குப் போக வழியில்லை, அதற்குள்ளேயே முகமும் காலும் வீங்கியிருந்தன, படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே இருந்தார். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன டம்ளருக்கு மேல் தண்ணீர் கொடுக்காதே என்று அவர் மனைவியைக் கண்டித்து, அவள் ஆசையாக வாங்கி வைத்திருந்த வாழைப்பழத்தையும் அவருக்கு ஆகாது என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது, மோட்டார் மெக்கானிக்கின் மனைவி, நிறைமாதம். இப்படி ஒன்பது பேர். என் பெயரும் இல்லை, உன் அப்பா பெயரும் இல்லை. ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. அந்த ஒரு காலைப் பொழுது நான் தலை நிமிர்ந்து நின்றேன், போதுமா.

புதன்கிழமை படகு வந்தது. மூன்று பேர் ஏறிவிட்டார்கள், தையல்காரரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் படகுத்துறைக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள், அந்த நேரம் பார்த்துப் படகில் வந்த அதிகாரி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஒரு காகிதத்தை எடுத்து ஒலிபெருக்கியில் படித்தார். ஓய்வு பெற்ற நர்சும் அவர் கணவரும் முதலில் ஏற வேண்டும், மேலிடத்து உத்தரவு. உன்னோடு படித்தவன் அந்த அலுவலகத்தில் பெரிய ஆளாக இருக்கிறான் என்று நீ சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாய், அந்தப் பெருமை அன்றைக்கு ஒலிபெருக்கி வழியாக என் தலையில் இறங்கியது. ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. ரொட்டிக் கடைக்காரர்தான், 'பலகைல நம்ம பேரு, காயிதத்துல நர்ஸம்மா பேரா, நல்லாருக்கே' என்றார். நான் ஏற மாட்டேன் என்றேன். அதிகாரி, அப்படியென்றால் மேலே கேட்க வேண்டும், நான் பாட்டுக்கு மாற்ற முடியாது என்று ஒயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தினேன். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, என் பெண் தானாகச் செய்த வேலை இது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஒயர்லெஸ்ஸில் பதில் வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதற்குள் தண்ணீர் இறங்கிப் படகின் அடி பாறையில் உரசத் தொடங்கியது, மெக்கானிக்கின் மனைவியை மட்டும் அவசரமாக இழுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்பது பேர் போக வேண்டிய படகில் நாலு பேர். தையல்காரர் அதே நாற்காலியில் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தார், திட்டவில்லை, பேச மூச்சில்லை.

மாலையில் அலை அதிகம், படகு வரவில்லை. வியாழன் விடிந்ததும் மெக்கானிக்கும் இரண்டு மீனவர்களும் தங்கள் ஃபைபர் படகிலேயே தையல்காரரை ஏற்றிக்கொண்டு முனையைச் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம், ஒருவர் ஓட்ட ஒருவர் தண்ணீரை இறைக்க ஒருவர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். சாலை திறந்த அன்று திரும்பி வந்தார், உயிர் மிச்சம், ஆனால் தையல் மிஷினை மிதிக்கக் காலில் தெம்பில்லை. ஊரில் எனக்கு மரியாதை என்று ஒன்று மிச்சமில்லை. ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. போன வாரம் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி ஒருவர்கூட வரவில்லை, கருவி மேஜையில் தூசு பிடித்துக் கிடக்கிறது. நீ செய்தது இதுதான். அங்கே உட்கார்ந்துகொண்டு போனில் இரண்டு விரலைத் தேய்த்து இங்கே ஒரு மனிதனை நாற்காலியோடு நடுத்துறையில் உட்கார வைத்தாய். சின்ன வயதிலேயே அப்படித்தான், பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிப்பாய். படகுக்கு முந்தின நாள் போனில் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது என்று பெற்ற பெண்ணிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது, அது என்ன மனுவா, உடனே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓட? அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். தையல்காரர் மனைவிக்கு உன் கையால் ஒரு கடிதம் எழுது. அம்மா எதுவும் கேட்கவில்லை, எல்லாம் நானாகச் செய்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுது. சுற்றி வளைக்காதே, நாலு வரி போதும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள், இரு.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன், இன்று செவ்வாய்க்கிழமை காலை. நேற்றுக் கதவைத் தட்டியது ரொட்டிக் கடைக்காரர். உள்ளே வரவில்லை, ஒரு பொட்டலத்தை நீட்டினார். நீ போன வருடம் அனுப்பிய பூப்போட்ட துணி, மழைக்கு முன்னால் கவுன் தைக்கக் கொடுத்திருந்தேன். வெட்டாமல் வந்திருக்கிறது, மடிப்புக்கூடக் கலையவில்லை, என் அளவு எழுதிய சீட்டைத் தையல்காரர் மனைவி குண்டூசியில் குத்தி வைத்திருக்கிறாள். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, 'ஐஸ் ஃபேக்டரி மாடில, வரிசைல, நர்ஸம்மாவுக்குப் பின்னாடி நின்னது நான்தான்னு மட்டும் சொல்லச் சொன்னா' என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு நேற்று ஒரு வரியும் எழுத முடியவில்லை.

படகு வருவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நீயும் நானும் பேசியது அந்த மாடியிலிருந்துதான். எதிர்க்கரைக் கோபுரத்து சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைத்தது, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று மேனேஜர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பேசி முடித்துத் திரும்பினால் தையல்காரர் மனைவி. அழாமல் சீக்கிரம் பேசு, ரெண்டு நிமிஷம்தான் என்று அவளுக்குப் புத்தி வேறு சொல்லிவிட்டு இறங்கினேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் பேச வந்தவள், இரண்டாவது தடவையும் தவறினால் என்ன ஆகும் என்று கேட்க. நான் உன்னிடம் பயமாக இருக்கிறது என்று மட்டுமா சொன்னேன்? உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 'எப்படியாவது எங்க ரெண்டு பேரையும் இங்கேருந்து எடுத்துடுடி, யாரைப் பிடிச்சாவது பண்ணு, அடுத்த சரிவு நம்ம வீட்டு மேலதான்' என்றேன். காலையில் பலகையில் அவள் புருஷன் பெயரை முதலில் எழுதிய அதே நான். மறுநாள் நான் எதுவும் கேட்கவில்லை என்று ஊர் முன்னால் கத்தியபோது அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வாரமாக யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இதை உன் அப்பாவிடம் சொன்னேன். 'நீ கேட்ட, அவ செஞ்சா, இதுல மூணு வாரமா அவளை ஏன் திட்டிக்கிட்டிருக்க' என்றார். பஸ்ஸில் பையைப் போட்டு இடம் பிடிக்க அவளுக்குக் கற்றுக் கொடுத்ததே நீதான் என்றும் சொன்னார். விசில் கொடுத்ததிலிருந்து வாய் நீண்டுவிட்டது.

அதற்காக உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. நான் பயத்தில் உளறினேன், நீ பயமில்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தாய். யாரோட இடம்மா அது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், நர்ஸ் வயிற்றில் பிறந்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். கேட்டிருந்தால் எனக்கு அந்த மாடியிலேயே வெட்கம் வந்திருக்கும். சரி, தையல்காரர் மனைவிக்கு நீ எழுத வேண்டாம். மேலே அப்படி எழுதச் சொன்னதை அடிக்கவில்லை, நான் எப்படிப்பட்டவள் என்று நீயும் பார்த்துக்கொள் என்று விட்டிருக்கிறேன். இன்று அவர்கள் டயாலிசிஸுக்கு எட்டு மணி பஸ்ஸில் போகிறார்கள், நானும் அதில் ஏறுகிறேன். இடம் பிடிக்கப் போவதில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், அதனால் உன்னிடம் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் அந்த அளவுச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், அவளிடம் படித்துக் காட்டிவிட்டு, பஸ்ஸில் இருக்கிறவர்களும் கேட்கும்படி இன்னொரு தடவை படிப்பேன். பேரனுக்கு இருமல் நின்றதா, ஆவி பிடிக்க வை, கொதிக்கிற பாத்திரத்தைக் குழந்தை பக்கத்தில் வைத்துவிட்டு நகராதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தையும் குடும்பமுமாக நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் இருங்கள், இதைக் கோபத்தோடேயே சொல்கிறேன், அதனால் பலிக்காமல் போகாது. மணி ஏழே முக்கால், அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கும். பயமாக இருக்கிறது. இதற்கும் யாருக்காவது போன் போட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா