நாறும்பூ சார் அத்தர்

தென்காசி
8-6-1959

பிரியமுள்ள சார் அவர்களுக்கு,

அப்துல் ஜப்பார் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் நானும் வீட்டுக்காரி மெஹர் பானுவும் சுகம். நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு இருக்க மெட்ராஸ் போய் ஒரு வருஷம் ஆகிறது. சாயங்காலம் கடைக்கு வந்து முக்காலியில் உட்கார ஆள் இல்லை. அதன் மேல் காலி அத்தர் புட்டிகளை அடுக்கிவிட்டாள் மெஹர் பானு. நீங்கள் வந்தால் எடுத்துவிடுவாளாம்.

குற்றாலத்தில் இன்னும் சாரல் விழவில்லை. சீசன் கூட்டத்துக்கு விற்றுத்தான் வருஷம் முழுக்க நம் அத்தர் அடுப்பு எரிகிறது. போன சீசன் பொய்த்தது. இதுவும் பொய்த்தால் அடுப்பை அணைத்துவிட்டு, கொழும்பில் மச்சான் கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

அதனால் ஒரு உதவி. திருவல்லிக்கேணியில் துல்கர்னைன் சாயபு என்பவர் பெரிய அத்தர் கடை வைத்திருக்கிறாராம். ரயில் பார்சலில் ஒரு டஜன் புட்டி அனுப்பியிருக்கிறேன். அவர் ஒரு தடவை மோந்து பார்த்தால் போதும். நீங்களே நேரில் கொண்டு போனால் மரியாதையாக இருக்கும்.

துஆவுடன்,
அப்துல் ஜப்பார்


மாம்பலம், சென்னை
20-6-1959

அன்புள்ள ஜப்பார் பாய்க்கு,

இங்கு யாவரும் நலம். பார்சல் உடையாமல் வந்தது. பெட்டியைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உங்க வீட்ல விசேஷமா?" என்று கேட்டார். சரக்கு அப்படி.

நேற்று துல்கர்னைன் சாயபு கடைக்குப் போனேன். மனிதர் பஞ்சில் தொட்டு, புறங்கையில் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். "தாழம்பூ! சந்தன எண்ணெயும் அசலு. யாரு சார் இந்த ஆளு?" என்றார். அப்புறம் கண்ணைத் திறந்து லேபிளில் 'நாறும்பூ' என்றிருந்ததைப் படித்தார். சிரித்த சிரிப்பில் புட்டி கை நழுவப் பார்த்தது.

"இன்னா சார் இது? அத்தருக்குப் போயி 'நாறும்'னு பேரு வெச்சா எவன் சார் வாங்குவான்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வகுப்பு எடுத்தேன். எங்கள் பக்கம் திருப்புடைமருதூரில் சாமிக்கே நாறும்பூநாதர் என்றுதான் பெயர். சந்தையில் நின்று 'நாறும்பூ' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அதில் ஒருவன் நான். பழைய தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம்தான். இந்தப் பெயர் நீர் வைத்ததும் அல்ல, நான் வைத்ததும் அல்ல. யுத்தம் முடிந்த வருஷம் நீர் முதன்முதலாக இறக்கிய அத்தரைப் பஞ்சில் தொட்டுக் காதில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பையன்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். அவர்கள் அப்பாமார் உம் கடைக்கு வந்து, "பாய், நாறும்பூ சார் போடுத அத்தர் இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அதுவே பெயராகி, லேபிளிலும் ஏறிவிட்டது. ஊர் கூடி வைத்த பெயர். எல்லாவற்றையும் சொன்னேன்.

சாயபு பொறுமையாகக் கேட்டார். "அயகா சொன்னீங்க சார். கடை வாசல்ல நின்னு வர்றவங்க ஒவ்வொருத்தருக்கும் இதே மாதிரி சொல்லுவீங்களா?" என்றார். பெயரை மாற்றினால் மாதாமாதம் எடுத்துக்கொள்வாராம்.

முடியாது என்று சொல்லிப் புட்டிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நீராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர். தமிழ் தெரிந்த வேறொரு கடைக்காரர் கிடைக்காமலா போவார்?

அன்புடன்,
நாறும்பூநாதன்


தென்காசி
26-6-1959

பிரியமுள்ள சார் அவர்களுக்கு,

கடிதத்தை மெஹர் பானுவுக்கு வாசித்துக் காட்டினேன். நீங்கள் வகுப்பு எடுத்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். 'முடியாது' என்ற இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவுகளுக்கு அது பேரு. நமக்கு அது சோறு. முடியாதுன்னு சொல்லுததுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அவளை அதட்டினேன். அதட்டிவிட்டு யோசித்தால், அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. கோபித்துக்கொள்ளக் கூடாது சார். பெரிய அருவிப் பாறையில் இப்போது துணி காயப்போடுகிறார்கள். 'கோஹினூர் சென்ட்' என்று ஒரு பெயர் யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் வாயால் சரி என்று வராமல் உங்கள் பெயரை எடுக்க மாட்டேன். ஒரு வரி எழுதுங்கள், போதும்.

துஆவுடன்,
அப்துல் ஜப்பார்


மாம்பலம்
2-7-1959

ஜப்பார் பாய்க்கு,

சரக்கு உம்முடையது. உம் விருப்பம் போல் பெயர் வைத்துக்கொள்ளும்.

நாறும்பூநாதன்


தென்காசி
13-7-1959

பிரியமுள்ள சார் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டேன், இரண்டு வரி எழுதிவிட்டீர்கள். ஆனால் அதில் 'அன்புடன்' இல்லை. நானும் மெஹர் பானுவும் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம், விலாசப் பக்கத்தில்கூடத் தேடினோம்.

அப்படி ஒரு கார்டை வைத்துக்கொண்டு பெயரை மாற்ற எங்களுக்கு மனசு வரவில்லை. கோஹினூரும் வேண்டாம், திருவல்லிக்கேணியும் வேண்டாம். இதை முதலில் சொன்னதே மெஹர் பானுதான். "கொழும்புக்குப் போனாலும் போவோம், சாரைக் கோவிக்க வச்சுட்டு யாருக்கு அத்தர் காய்ச்ச?" என்றாள்.

பழைய லேபிளையே இன்னும் ஒரு கட்டு அடிக்கச் சொல்லி அய்யாக்குட்டி அச்சாபீஸில் கொடுத்தேன். அங்கேதான் கூத்து. கட்டைப் பிரித்தால் அத்தனை லேபிளிலும் 'நறும்பூ' என்று இருக்கிறது! துணைக்காலைக் காணோம்.

"ஏலே அய்யாக்குட்டி, சார் காலை எங்கலே?"

"கோவப்படாதிய பாய். நாடக நோட்டீஸு ஒண்ணு அச்சு கோத்து வச்சிருக்கேன். 'வாரீர், பாரீர், தாய்மாரே'ன்னு ஒரே காலா வருது. எழுத்துப் பெட்டியில கால் தீந்துபோச்சு. ஒத்தக் கால்தானே, சனங்க சேத்து வாசிச்சுக்கிடும்னு விட்டுட்டேன்."

உங்களிடம் படித்தவன்தான் சார் அவன். நாடகம் முடிந்து கால் வந்ததும் வேறு அடித்துத் தர வேண்டும் என்று சண்டை போட்டு வந்திருக்கிறேன். இதைப் பார்த்தாவது நீங்கள் சிரிக்க வேண்டும் என்று ஒரு லேபிளை இதோடு வைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
அப்துல் ஜப்பார்


மாம்பலம்
19-7-1959

அன்புள்ள, அன்புள்ள, அன்புள்ள ஜப்பார் பாய்க்கு,

போன கார்டுக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். மெஹர் பானு சொன்னது சரி. உம்மைக் கேட்காமல் நான் முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாது.

இதைக் கேளும். போன வாரம் இங்கே பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் அவசர அவசரமாகப் பொட்டலம் போட்டார். "பையக் கட்டுங்க" என்றேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கி, வாயைச் சுருக்கிச் சணல் போட்டு இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டார். நமக்குப் பைய என்றால் மெதுவாக. இங்கே பைய என்றால் பையை. அவர்மேலும் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்தவன் நான். உம் புட்டி போகிற வீட்டுக்கெல்லாம் நான் போய் முடிச்சு அவிழ்க்க முடியுமா? சாயபு அதைத்தானே சொன்னார்.

அய்யாக்குட்டியிடம் சண்டை போடாதீர். வேறு லேபிளும் வேண்டாம். நறும்பூ என்றால் மணமுள்ள பூ. இதைக் கேட்டு மூக்கைப் பிடிக்க எந்த ஊரிலும் ஆள் கிடையாது. பரீட்சைத் தாளில் கால் விட்டவனுக்கெல்லாம் மதிப்பெண் குறைத்தவன் நான். அய்யாக்குட்டிக்கும் குறைத்திருக்கிறேன். இந்த ஒரு பிழைக்கு மட்டும் முழு மதிப்பெண்.

அந்த லேபிளைப் பழையதன் மேல் ஒட்டிக்கொண்டு நேராகத் திருவல்லிக்கேணிக்குப் போனேன். சாயபு கடை முழுக்கக் கேட்கிற மாதிரி வாசித்தார். "நறும்பூ! சோக்கா கீது சார். யாரு வெச்ச பேரு?"

"எங்கள் ஊரில் ஒரு பெரிய புலவர், அய்யாக்குட்டி என்று பெயர்" என்றேன்.

மாதாமாதம் அனுப்பச் சொல்கிறார். அடுப்பை அணைக்காதீர், கொழும்பு மச்சானுக்கு வரவில்லை என்று எழுதிவிடும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இதே லேபிள் இருக்கட்டும், ஒரு சரக்குக்கு இரண்டு பெயர் வேண்டாம். என் காலை வாங்கிக்கொண்டு அத்தர் நடக்கட்டும்.

மெஹர் பானு இந்தத் தடவை தேட வேண்டாம்.

அன்புடன், மிகுந்த அன்புடன்,
நாறும்பூநாதன்


தென்காசி
10-8-1959

பிரியமுள்ள சார் அவர்களுக்கு,

சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவியிலும் ஐந்தும் விழுகிறது. பிந்தி வந்தாலும் கூட்டம் தோளோடு தோள் இடிக்கிறது.

நேற்று, சீசனுக்குப் போட்டிருக்கிற அருவிக்கரைக் கடைக்கு சுரண்டை நயினார் வந்தான், உங்களிடம் எட்டாவது படித்தவன். இப்போது மிளகாய் வற்றல் மண்டி வைத்திருக்கிறான். புட்டியை எடுத்துப் பார்த்ததுமே, "என்ன பாய், கால் விட்டுப்போச்சே! சார் பாத்தா பிரம்பெடுப்பாவ" என்றான். சார்தான் காலை எடுக்கச் சொன்னார்கள் என்றேன். "அப்படியா? அவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, "சரி, நாறும்பூ சார் அத்தர் ரெண்டு குடுங்க" என்றான். வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சார். லேபிளில் இருப்பதை மெட்ராஸ்காரர்கள் வாசிக்கட்டும். இங்கே யாரும் லேபிளைப் பார்த்துக் கேட்பதில்லை.

சாயபுக்கு முதல் பெட்டி இன்று ரயிலேறியது. அதற்குள் உங்களுக்கென்று துணியில் சுற்றி ஒரு புட்டி இருக்கிறது, அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த லேபிளில் மட்டும் மெஹர் பானு மை தொட்டுத் தன் கையால் துணைக்கால் போட்டிருக்கிறாள். அவளுக்கு எழுதிப் பழக்கமில்லை. கால் கொஞ்சம் நீண்டு, லேபிளைத் தாண்டிக் கண்ணாடியில் இறங்கி நிற்கிறது. ஈரம் பட்டால் அழிந்துவிடும் என்று, பையப் பிடிக்கச் சொன்னாள். நீங்கள் இருக்கிற ஊரை நினைத்துப் பையைப் பிடித்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் எழுதச் சொன்னாள். அடுக்கி வைத்திருந்த காலிப் புட்டியெல்லாம் நிறைந்து மெட்ராஸுக்குப் போய்விட்டது. முக்காலி சும்மாதான் கிடக்கிறது.

துஆவுடன்,
அப்துல் ஜப்பார்