வானம்பாடிக் கூட்டருகே ஒரு கேமரா

மே 6
இன்னொரு வானம்பாடிக் கூடும் காலி. நேற்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. இன்று வெறும் புல். தரையில் கூடு கட்டும் இந்தப் பறவைகளைப் பற்றிய என் ஆராய்ச்சி நடப்பது சித்தப்பாவின் மேய்ச்சல் நிலத்தில் என்பதால் தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார்: "நரிதாம்மா. வேறெது?" நான் பாம்பு என்றேன். இருவரிடமும் ஆதாரம் கிடையாது. வாய் மட்டும் இருக்கிறது.

மே 8
ஓடைப் பக்கம் நரி குட்டி போட்டிருக்கிறது. சித்தப்பா பொறி வைக்கிறவருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தாய் மாட்டிக்கொண்டால் குட்டிகள் என்னவாகும் என்று கேட்டேன். "அது மட்டும் என் பறவைங்களைப் பத்தி யோசிச்சுதா?" என் பறவையாம். போன வருஷம்வரை வானம்பாடி எது, சிட்டு எது என்றே தெரியாது அவருக்கு. கடைசியில் சித்தியைப் பிடித்து, கேமரா பார்த்துச் சொல்லும்வரை பொறி வேண்டாம் என்று சம்மதம் வாங்கினேன்.

மே 11
கட்டைவிரல் அளவுக் கேமரா. முட்டையிருந்த ஒரு கூட்டருகே புல்லுக்குள் ஒளித்து வைத்தேன்.

மே 13
பதிவில் தாய்ப்பறவை, காற்று, மறுபடி தாய்ப்பறவை, பிறகு நெடுநேரம் சித்தப்பாவின் பின்பக்கம். கேமரா ஓடுகிறதா என்று பார்க்கப் போனாராம்.
"நல்லா விழுந்திருக்கேனா?"
"பாதி விழுந்திருக்கீங்க."

மே 16
முட்டைகள் பொரிந்தன. காலையிலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 19
போச்சு. அந்தக் கூடும் போச்சு. கேமரா வெச்சு என்ன பிரயோஜனம், செத்ததைப் பாக்கறதுக்கா? பாக்க மனசு வரல. ஆனா கூடு போனதுமே சித்தப்பா பொறிக்காரரை நாளைக்கு வரச் சொல்லிட்டார் — அதுக்குள்ள பாத்துத்தான் ஆகணும்.

அதே நாள், மாலை
பார்த்தேன். நம்பாமல் மறுபடி பார்த்தேன். பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.
திரை நிறைய ஓர் ஈர மூக்கு. அடுத்து நாக்கு. ஒவ்வொரு குஞ்சாக வாரியெடுத்து, அவசரமே இல்லாமல் மென்றது. கொம்பில்லாத சிவப்புப் பசு, சித்தப்பாவின் செல்லம். வீட்டில் அவளுக்கு மகாராணி என்று பெயர்.
"அவ புல்லுதானே திம்பா?" என்றார் சித்தப்பா. என்னிடம் இல்லை, திரையிடம்.
"இப்ப யாருக்குப் பொறி வைக்கிறதா உத்தேசம்?" என்றாள் கதவருகே நின்ற சித்தி.
சிரித்துவிட்டேன். அப்புறம் குஞ்சுகள் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். மற்ற கூடுகளை எடுத்தது யாரோ, இன்னும் தெரியாது. நானும்தான் பாம்பு என்று அடித்துச் சொன்னேன்.

மே 20
பொறிக்காரர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். "ஆள் மாறிடுச்சு," என்றார் சித்தப்பா, அதற்குமேல் விளக்காமல். கூடுகள் உள்ள பகுதியைக் கம்பி கட்டி அடைத்தோம். குஞ்சுகள் பறக்கும்வரை மாடுகள் வேறு பக்கம் மேயும். மகாராணி கம்பிக்கு வெளியே நின்று அசைபோட்டபடி எங்களையே பார்த்தாள். சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூன் 14
சித்தப்பா போன் செய்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.
"கேமரா இன்னொண்ணு இருக்கா? கொட்டகைக்குப் பின்னால புதுக் கூடு ஒண்ணு. சத்தமா பேசாதம்மா, இப்பதான் அடைக்கு உக்காந்திருக்கு."