உதவிக்கு அழைக்கவும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதறது. இங்க அம்மாவும் நானும் சுகம், என் இடது கண்ணு ஒண்ணைத் தவிர. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கறதா நாங்களா நினைச்சுக்கிறோம். போன்ல பேசினா மீட்டிங்ல இருக்கேன்ப்பான்னு வெச்சுடறே, அதான் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பின பனியனும் குடையும் வந்துச்சு, ரெண்டுலயும் உங்க கம்பெனி சின்னம். சின்னத்தோட நீலம் பழைய நீலத்தைவிட மனசுக்கு அமைதியா இருக்கான்னு கேட்டிருந்தே. எனக்கு எல்லாம் ஒரே நீலம்தான் கண்ணு, இடது கண்ணுல புரைன்னு டாக்டர் சொல்லிட்டார், என் பேச்சை நம்பாதே. அந்த நீலத்துக்கு ரெண்டு மாசம், ஆபீஸ்ல படுத்துக்கிட்டே யோசிக்கறதுக்கு மூட்டை மாதிரி நாற்காலி தேட ஒரு மாசம், கம்பெனியோட லட்சியத்தை ஒரே வரியில எழுத கம்பெனியில நீங்க நாலு பேரும் மலைமேல போய்த் தங்கினது, எல்லாப் படத்தையும் பார்த்தோம். உன் முகத்துல அவ்வளவு சந்தோஷம் பார்த்து நாளாச்சுன்னு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

விஷயத்துக்கு வரேன். மாத்திரை நேரத்துக்கு மணி அடிக்கிற அந்த ஆப்பை ஆரம்பிச்சப்போ, உதவிக்கு அழைக்கவும்ங்கற இடத்துல, இப்போதைக்கு இருக்கட்டும்ப்பான்னு என் நம்பரைப் போட்டியே, அதை மாத்த மறந்துட்டே. மூணு மாசமா எனக்குத்தான் போன் வருது. முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுண்டர்ல உக்காந்தவன், கேட்டவங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா? நீலம் மாத்தின நாள்லருந்து சிலருக்கு மணியே அடிக்கலையாம். அடிக்கிறவங்களுக்கும் மனசு எப்படி இருக்குன்னு கேட்டு, திரை பூரா பூ கொட்டி, வாழ்த்துச் சொல்லி, அப்புறம்தான் மாத்திரை பேரே வருதாம். தனியா இருக்கற ஒரு தையல்காரர் மணியை நம்பி ரெண்டு நாள் இதய மாத்திரையை விட்டுட்டு மயங்கி விழுந்திருக்கார். பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்ததால பிழைச்சார். உன்கிட்ட சொன்னா, அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்ப்பா, இப்ப விருது விழாவுக்கு வீடியோ எடுக்கறோம்னே. எனக்கு வந்த கோபத்துக்கு உன் குடையை வீசி எறிஞ்சேன், அம்மா எடுத்து வெச்சுக்கிட்டா.

மறுநாள்லருந்து மணி அடிக்காத பதினோரு பேருக்கும் காலையிலயும் சாயங்காலமும் நானே போன் பண்ணி, மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். அதுல ஒரு டீச்சரம்மா, நான் கூப்பிடறதையும் ஆப்போட வேலைன்னு நினைச்சு, இந்த ஆப் ரொம்ப அன்பாப் பேசுதுன்னு அஞ்சு நட்சத்திரம் கொடுத்தாங்க. அதைத்தான் நீ எல்லாருக்கும் அனுப்பி, பாருங்க நீலம் வேலை செய்யுதுன்னு எழுதியிருந்தே, என் தங்கமே!

குறை சொல்ல எழுதலே. மறதிக்காரங்களுக்கு ஏதாவது செய்யணும்னு நினைச்சது நல்ல மனசு, அது உன்கிட்ட இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். அன்னிக்குத்தான் உன் விருது விழான்னு தெரியும், அலையாதே, அம்மா கூட இருக்கா. ஆனா ஒரு வாரம் போனைப் பார்க்கவே கூடாதுன்னுட்டாங்க. அதனால பதினோரு பேரோட நம்பரும் நேரமும் தனித்தாள்ல எழுதி இதோட வெச்சிருக்கேன், நீதான் கூப்பிடணும். வேற யார் தலையிலயும் கட்டிடாதே. முதலாளின்னு சொல்லிக்காதே, பயந்துடுவாங்க. தையல்காரர் ம்ம்னு மட்டும் சொல்வார், அதை நம்பாதே, தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டப்புறம் வை.

எடுத்த காரியத்துல ஜெயிச்சு, ஆரோக்கியமா, மனசு நிறைஞ்சு இருக்கணும்னு எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதம். பட்டியல்ல பன்னிரண்டாவதா ஒரு நம்பர் அம்மா கையெழுத்துல இருக்கும். அது நம்ம வீட்டு நம்பர். ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை கண்ணுல சொட்டு மருந்து விடணுமாம். மறந்துடாம கூப்பிடும்மா.

அன்புடன்,
உன் அப்பா