வண்டிக்குப் போட்ட கேஸ்

அன்பு மகன் பிரபுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே உங்கப்பா, நான், தீபா, அவள் பெற்ற பச்சைப்பிள்ளை எல்லோரும் சுகம். அந்த மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று கோட்டை மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போனில் கேட்டால் நீ சிரிப்பாய், கேட்க வந்தது எனக்கு மறந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுக் கீர்த்தனா போட்டோ பிடித்து அனுப்புவாள். உன் தங்கையையும் பிள்ளையையும் நாளைக்கு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடுகிறார்கள். முதல் பிள்ளை தாய்வீட்டுக்குத்தானே வரவேண்டும். நத்தத்துச் சம்பந்தியம்மாவோ, இந்த வெயிலில் உங்கள் பழைய காரில் பிள்ளை வெந்துபோகும், எங்கள் கார் ஏசி, நேரே நத்தத்துக்கே கூட்டிப்போகிறோம் என்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நம் காரிலும் ஏசி உண்டு, வேலை செய்யவில்லை, அவ்வளவுதானே. உங்கப்பாவை இழுத்துக்கொண்டு பேகம்பூர் இஷாக் பட்டறைக்குப் போனேன். அவர் பார்த்துவிட்டு, ஒரு குழாயில் ஓட்டை, அதை மாற்றிக் கேஸ் போட்டால் சரியாகிவிடும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் கோர்ட்டு வாசல் மிதித்ததில்லை என்று சொல்லிவிட்டேன். "கோர்ட்டு கேஸ் இல்லம்மா, இது காத்து மாதிரி ஒரு கேஸ்" என்றார். அப்புறம்தான் பயமே வந்தது. சமையல்கட்டில் கேஸ் வாடை வந்தால் ஜன்னலைத் திற என்கிறார்கள், இங்கே கேஸையும் அடைத்துக் கண்ணாடியையும் ஏற்றச் சொல்கிறார்கள். இது அடுப்புக் கேஸ் இல்லையாம், குழாய்க்குள்ளேயே சுற்றுமாம். உள்ளேயே சுற்றினால் குளிர் மட்டும் எப்படி வெளியே வருகிறது? ஐந்தாவது வரைக்கும் வகுப்பில் நான்தான் முதல், எனக்கே பிடிபடவில்லை.

வேலை முடிந்ததும், எனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் பிள்ளைக்கும் ஆகாது என்று நானே பின்சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். செத்த நேரத்தில் கொடைக்கானல் மாதிரி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்விழித்த அசதி, கண்ணசந்துவிட்டேன். உங்கப்பா தட்டிப் பார்த்து, "அப்பு இஷாக்கு, ஓடியா, இவளுக்கு கேஸ் ஏறிருச்சு" என்று பட்டறையையே கூட்டிவிட்டார். வெறும் தூக்கம்தான் என்று இஷாக் சத்தியம் செய்கிறார். தூக்கமா கேஸா என்று எனக்கே தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது. இன்னும் ஒழுகுதே என்றால், அப்படிச் சொட்டினால்தான் ஏசி நன்றாக இருக்கிறதென்று அர்த்தமாம்.

எங்கள் காரும் ஏசிதான், பிள்ளை இங்கேதான் வரும் என்று சம்பந்தியம்மாவிடம் நிமிர்ந்து சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். ஆனாலும் பிள்ளை பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கித்தான் வைப்பேன். குளிர் போனால் போகட்டும், மடியில் போட்டு முந்தானையால் விசிறிக்கொண்டே வருகிறேன். மூடலாமென்று நீ சொன்னால் மூடுகிறேன், நாங்கள் கிளம்புவதற்குள் சொல்லிவிடு. சம்பந்தி வீட்டுக்குத் தெரியவேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மாமன் கையால் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வேண்டும், லீவு கேள். நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என் சாமி.

உன் அம்மா,
பொன்னழகு