வெயில் கப்பும் இருட்டுக் கப்பும்

மச்சான்,

எங்களோடு கூரைகளில் சோலார் பனல் பூட்ட வருகிற ஒருத்தன் தொந்தி குறைக்கிறானாம். அதற்காக முளைகட்டின பயறு கொண்டுவந்து சாப்பிடுகிறான். நேற்று டப்பாவை வான் வண்டிக்குள்ளேயே மறந்துவிட்டுப் போய்விட்டான். இன்று காலை கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது. ஈரப் பயறு, கொஞ்சம் பச்சை வாசம், கொஞ்சம் புளிப்பு. உன்னுடைய ஆண்டு ஒன்று வகுப்பறை வாசம் அது. டப்பாவைத் தூக்கி வேலிக்கு அங்கால் எறிந்தேன். அவன் கத்தினான். நானும் கத்தினேன். பிறகு தெல்லிப்பழைப் பக்கம் ஒரு வீட்டுக் கூரையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் வேலை செய்தோம்.

எனக்குக் கடிதம் எழுத வராது என்று உனக்குத் தெரியும். நீ பத்து வரி அனுப்பினாலும் நான் "ஓம்" என்றோ "வாறன்" என்றோதான் பதில் போடுவேன். ஆனால் ஒரு விசயம் உனக்குச் சொல்லாமல் கிடக்கிறது. நான் உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் உன் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மேல் பழி விழுந்தது. திருத்திச் சொல்லுவதற்குள் நீ போய்விட்டாய். நாலு நாள் காய்ச்சல். நாலாம் நாள் பின்னேரம் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கண் திறக்கவில்லை.

நானும் நீயும் கணிதப் பிரிவில் ஒரே வாங்கில் இருந்து, ஒன்றாகவே கோட்டை விட்டவர்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், நீ கல்வியியற் கல்லூரிக்குப் போனாய். போய் வந்து, ஆம்பிளை வாத்திமார் ஒருத்தரும் கேட்காத ஆண்டு ஒன்று வகுப்பை வாயால் கேட்டு வாங்கினாய். நெல்லியடித் தேத்தண்ணிக் கடையில் பெடியள் உன்னை விட்டார்களா?

"மூக்குச்சளி துடைக்கிறதுக்குத் தனிச் சோதினை வைச்சவங்களோடா?"

"ஓம். அதிலை மட்டும்தான் நான் ஏ எடுத்தனான்," என்றாய்.

உன் வகுப்பில் ஒரு பிளக் பழுதென்று முதல்முறை வந்த நாளை நினைக்கிறேன். தரை முழுக்கத் தண்ணி. நடுவில் ஒரு பேசின். ஆறு வயதுப் பிள்ளைகள் பதினாலு பேர் அதைச் சுற்றிக் குந்தியிருந்து அழிறப்பர், திறப்பு, புளியங்கொட்டை, போத்தல் மூடி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூடி மிதக்கும் என்று ஒருத்தன். மூடி தாழும் என்று இன்னொருத்தி. இரண்டு பேரும் சரி. மல்லாக்க வைத்தால் மிதக்கிறது, சரித்து விட்டால் தாழ்கிறது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையில் கிள்ளினாய்.

"பிழையாச் சொல்லட்டும் மச்சான். பாத்துச் சொன்னாச் சரி."

"ரெண்டு நிமிசத்திலை சொல்லிக் குடுக்கிற விசயத்துக்கு ரெண்டு கிழமையோ?"

"ரெண்டு நிமிசத்திலை சொன்னா ரெண்டு நிமிசத்திலை மறந்திடுவாங்கள். இனி இவங்கள் வீட்டிலையும் கோப்பைக்குள்ளை மூடி போடுவாங்கள். போய்ப் பார்."

எனக்கு விசர் வந்தது. எனக்கு எதுவும் சட்டென்று நடக்க வேண்டும். வயரைப் பூட்டினால் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் பிழையைக் கண்டுபிடித்து உடனே மாற்ற வேண்டும். நான் அப்படித்தான் படித்தேன்.

உன்னில் விசர் கொண்டது நான் மட்டுமில்லை. பிள்ளை நனைந்து வருகிறது, கொப்பியில் ஒன்றுமில்லை என்று தாய்மார் அதிபரிடம் போனார்கள். அதிபருக்கும் உன்னை ஆண்டு ஐந்துப் புலமைப்பரிசில் வகுப்புக்கு மாற்றினால் நல்லதென்று ஒரு எண்ணம். கடைசியில் கல்வி வலயத்திலிருந்து ஒரு ஆசிரிய ஆலோசகர் வந்து உன் வகுப்பைப் பார்ப்பார், அவர் எழுதுவதைப் பொறுத்து முடிவு என்று ஆனது. திங்கட்கிழமை வருகிறார். அவருக்குக் காட்டத்தான் பயறு.

ஒவ்வொரு பிள்ளையும் கழுவின யோகட் கப் இரண்டு கொண்டுவந்தது. ஈரப் பஞ்சு வைத்து, பயறு போட்டு, ஒரு கப் யன்னல் ஓரம், மற்றது அலுமாரிக்குள். எழுதத் தெரியாத பிள்ளைகள் என்றபடியால் படம் கீறி ஒட்டினார்கள். யன்னல் கப்புக்குச் சூரியன், அலுமாரிக் கப்புக்குக் கறுப்புக் கிறுக்கல். கம்சிகா என்ற பிள்ளை கீறின சூரியனுக்குக் கண் மடலும் பல்லும் இருந்தன. வெள்ளிக்கிழமை எல்லாக் கப்பையும் மேசையில் சோடி சோடியாக அடுக்கினதும் அவள்தான். தகப்பன் பிந்தித்தான் கூப்பிட வருவார், அதனால் கடைசியாக வகுப்பை விட்டுப் போனவளும் அவள்தான்.

அந்தச் சனி ஞாயிறு நீ தங்கச்சியின் கலியாணப் பதிவு எழுத்துக்குப் போனாய். வகுப்பறைத் திறப்பை என்னிடம் தந்தாய்.

"பிளக்கைப் பூட்டு. அப்பிடியே கப்புகளுக்குக் கொஞ்சம் தண்ணி தெளி. வேறை ஒண்டும் செய்யாதை."

ஞாயிறு மத்தியானம் போனேன். பிளக்கைப் பூட்டினேன். தண்ணி தெளிக்கக் குனிந்தபோது கண்டேன். சூரியன் ஒட்டின கப்பில் பயறு விரல் நீளத்துக்குக் குட்டையாக, பச்சையாக நிற்கிறது. கறுப்பு ஒட்டினதில் இரண்டு மடங்கு நெட்டையாக, மஞ்சளாக, வளைந்து கிடக்கிறது. எனக்கு ஒரு நிமிசம் கூடச் சந்தேகம் வரவில்லை. வெளிச்சம் கூடினால் வளர்ச்சி கூட வேண்டும். பனல் பூட்டுகிற எனக்குத் தெரியாதா வெளிச்சத்தைப் பற்றி? மஞ்சள் நிறத்துக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. கூரையில் வெயில் படுகிறதெல்லாம் வெளிறும். குழாய் வெளிறும், வயர் வெளிறும், என்னுடைய சேட்டும் வெளிறும். பயறும் வெளிறியிருக்கிறது. பிள்ளைகள் படத்தை மாற்றி ஒட்டிவிட்டார்கள், நாளைக்கு நீ அந்த ஆலோசகர் மனிசியின் முன்னால் அவமானப்படப் போகிறாய் என்றுதான் நினைத்தேன்.

இருபத்தெட்டுக் கப். ஒவ்வொரு படமாக நகத்தால் கிளப்பி, உன் மேசையில் கிடந்த பசை பூசி, சோடிக்குச் சோடி மாற்றி ஒட்டினேன். ஒரு மணித்தியாலம் போனது. நண்பனுக்கு ஒரு உதவி செய்த சந்தோசத்தில் பாட்டொன்றைச் சீக்காய் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன் மச்சான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

திங்கள் பின்னேரம் நல்லூரில், ஐஸ்கிரீம் கடையில், நீ கரண்டியைத் தொடாமலே நடந்ததைச் சொன்னாய். வந்தவர் ஒரு கப்பைத் தூக்கிப் பார்த்தாராம். இன்னொன்றைத் தூக்கினாராம். "சேர், எல்லாம் தலைகீழா இருக்கு. இருட்டிலை வைச்சதெல்லோ வெளிறி நெட்டையா வரும்?" பிறகு பிள்ளைகளிடம், "எது பிள்ளையள் வெயில்லை வைச்சது?" பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், நெட்டைக் கப்பைக் காட்டி ஒரே குரலில் "இது!" என்றார்கள். கம்சிகா மட்டும் எழும்பினாள்.

"இல்லை மிஸ். என்ரை சூரியன் குட்டைக் கப்பிலைதான் இருந்தது. ஆரோ களட்டி ஒட்டிப்போட்டினம்."

"கடைசியா வகுப்பிலை நிண்டது ஆர்?" என்று வந்தவர் கேட்டாராம்.

"கம்சிகா!" பதின்மூன்று பேரும்.

"நானும் கேட்டுப்போட்டன் மச்சான்," என்றாய். "எல்லாருக்கும் முன்னாலை. நீயோ மாத்தினனி எண்டு கேட்டுப்போட்டன். அவள் அழேல்லை. கப்பையே பாத்துக்கொண்டு நிண்டவள்."

நான் கேட்டேன், "ஏன்டா, இருட்டிலை எப்பிடி நெட்டையா வளரும்?"

"வெளிச்சத்தைத் தேடி நீளும். இருக்கிற சத்தெல்லாத்தையும் நீளுறதிலையே செலவழிக்கும். அதைப் பிள்ளையள் தாங்களே கண்டுபிடிக்கவேணும் எண்டுதானே முழுச் செயற்பாடும்." பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "நீ ஞாயிற்றுக்கிழமை போனனி தானே. மேசையிலை ஒண்டையும் தொடேல்லையே?"

என் ஐஸ்கிரீம் முழுக்க உருகியிருந்தது. அது நினைவிருக்கிறது.

"நானோ? பிளக்கைப் பூட்டி, தண்ணி தெளிச்சுப்போட்டு வந்தனான். எனக்கென்ன தெரியும் உன்ரை பயறைப் பற்றி?"

ஏன் சொன்னேன்? வெட்கம். வேறொன்றும் இல்லை. உன் வகுப்பு விளையாட்டென்று வருசக்கணக்காய் நக்கலடித்த எனக்கு, ஆண்டு ஒன்றுப் பாடத்தில் பிழை விட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு வேறு கூரை வந்தது. பிள்ளைகளின் செயற்பாடுகளில் கண்காணிப்புப் போதாது என்று அந்த மனிசி எழுதிவிட்டுப் போனார். அடுத்த தவணை உனக்கு ஆண்டு ஐந்து என்று அதிபர் சொன்னார். அப்போதும் நான் சொல்லவில்லை. திரும்பவும் பயறு போடப்போகிறேன், இந்த முறை கம்சிகாவையே பொறுப்பாக விடப்போகிறேன் என்று நீ சொன்னாய். அதற்குள் லீவு வந்தது. லீவில் காய்ச்சல் வந்தது.

செத்த வீட்டில் உன் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாய் நின்றார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பந்தலுக்கு லைட் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் கூரையை விட்டு இறங்கினேன். மிச்ச வேலையை மற்றவன் பார்க்கட்டும் என்றுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பள்ளிக்கூடம் விட இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. உன் பிள்ளைகளின் இப்போதைய ஆண்டு இரண்டு ரீச்சர் என்னைச் செத்த வீட்டில் கண்டவர். விசயத்தைச் சொன்னேன்.

"தம்பி, வகுப்பிலை ஒரு பென்சில் காணேல்லை எண்டாலும் இந்தப் பிள்ளையள் முதல் கம்சிகாவின்ரை பையைத்தான் பாக்குதுகள். ஏனெண்டு எனக்கு விளங்காமல் இருந்தது," என்றார். பிறகு அவளை விறாந்தைக்கு அனுப்பினார்.

வளர்ந்துவிட்டாள். முன் பல் இரண்டும் இல்லை. நான் குந்தியிருந்து சொன்னேன்.

"கம்சிகா, அந்தப் பயறுக் கப்புப் படங்களை மாத்தினது நான்தான். நீங்கள் சொன்னதுதான் சரி."

"எனக்குத் தெரியும்."

"நான் மாத்தினதெண்டோ?"

"இல்லை. நான் மாத்தேல்லை எண்டு." கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு மட்டும் சொன்னா என்னெண்டு? உள்ளுக்கை வந்து அவையளுக்குச் சொல்லுங்கோ."

என் கையைக்கூடப் பிடிக்கவில்லை. முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். பதினாலு பேருக்கு முன்னால் நின்று, ஒரு கப்பிலிருந்து மற்றக் கப்புக்கு நான் படத்தை எப்படி மாற்றினேன் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். முன் வரிசைப் பெடியன் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

"அங்கிள், நீங்கள் பெரிய ஆள்தானே. ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பயத்திலை."

"சேருக்கோ பயம்?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேர் அடிக்கவே மாட்டாரே!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. கம்சிகா சிரிக்கவில்லை.

"சாக முதல் சேருக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன்.

"அப்ப சேருக்கும் சொல்லுங்கோ."

"எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?"

"அது எனக்குத் தெரியாது," என்றுவிட்டுப் போய்த் தன் கதிரையில் இருந்தாள்.

எனக்கும் தெரியாது மச்சான். தெரிந்தது இவ்வளவுதான், எழுதுகிறேன். திரும்பவும் அவளையே பொறுப்பாக விடப்போகிறேன் என்றாயே, அவளை நம்பித்தான் சொன்னாயா? அல்லது அவள்தான் மாற்றினவள் என்று நினைத்து, மன்னித்துச் சொன்னாயா? ஒவ்வொரு கூரையிலும் இதுதான் எனக்குள் ஓடுகிறது. பதில் தர நீ இல்லை. இனி எப்போதும் இது என்னோடுதான் கிடக்கும். கிடக்கட்டும்.

ஆனால் நீ கேட்டதற்குப் பதில் இருக்கிறது. மேசையில் ஒன்றையும் தொடவில்லையே என்று கேட்டாய்.

தொட்டனான். எல்லாத்தையும் தொட்டனான். கம்சிகா ஒன்றையும் தொடேல்லை.