இடுப்பளவுதான்

ஜனவரி 19

அன்புள்ள சின்னு,

நலமா? மலை விடுதியிலிருந்து எழுதுகிறேன். வழியெல்லாம், மாப்பிள்ளை தவறிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ கேட்ட கேள்வியே காதில் இருந்தது. "அண்ணா, ஆத்துல இறங்காதீங்கன்னு அவர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லலையா?" "சொன்னேன்மா" என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டோம். விட்டது நல்லதுதான்.

மாப்பிள்ளையோடு நாம் மூவராக வந்த இடங்களுக்கு இந்த வருடம் ஒற்றை ஆளாகப் போகலாம் என்று கிளம்பினேன். விடுதிக்காரர் சாவியைக் கொடுத்துக்கொண்டே, "கட்டில் ரெண்டு சார். ஒண்ணுல நீங்க, ஒண்ணுல உங்க பெட்டியா?" என்றார். சிரித்துவைத்தேன். காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி. விரலால் ஒரு வட்டம் துடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் மலை தெரிகிறது. வகுப்பாக இருந்தால் உடனே பாடம் எடுத்திருப்பேன்.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. பதில் போடு.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் பனியும் மலையும் வந்து சேர்ந்தன. எனக்கு அதே சலவைக்கூடம்தான். வெயில் தொடங்கிவிட்டது, இஸ்திரி மெஷின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எனக்கு எதிர்முனை பிடிக்கிறவள் வாயாடி. "உன் வீட்டுக்காரர் கனவுல வர்றாராக்கா?" என்று கேட்டாள். "வந்தா செருப்பு பிஞ்சிடும்" என்றேன்.

ஆமாம் அண்ணா. எனக்கு அழுகையே வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. நீச்சல் தெரியாத மனுஷன், நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் இறங்கினார் என்றால் என்னை என்ன நினைத்தார்? கரை மேல் நிறுத்தின வேனுக்குள் சாப்பாட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே! அவர் படங்களையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்றுதான் மிச்சம். அத்தை வாராவாரம் வந்து, "என் பிள்ளை படம் ஒண்ணு குடும்மா" என்று கேட்கிறார். கொடுக்க மனசு வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இப்படிக்கு,
சின்னு

மே 12

அன்புள்ள சின்னு,

தாமதத்துக்குக் கோபப்படாதே. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

இங்கே ஏரி பாதி வற்றிவிட்டது. கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஓரத்துப் பாளங்கள் சிறியவை, உள்ளே போகப் போகப் பெரியவை. ஏன் என்று யோசித்துக்கொண்டே ஒரு சாயங்காலம் போயிற்று. கொக்குகள் மட்டும் குறையில்லாமல் இருக்கின்றன.

படத்தைக் கொடுத்துவிடேன். பெற்றவள் அல்லவா? மாப்பிள்ளை மேல் இவ்வளவு கோபம் வேண்டாம். மனிதர்கள் எத்தனையோ காரணத்துக்காகத் தண்ணீரில் இறங்குகிறார்கள். மீதியை நேரில் பேசலாம்.

அன்புடன்,
அண்ணன்

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நேரில் பேசலாம் என்றீர்கள். மழையே வந்துவிட்டது, நீங்கள்தான் வரவில்லை.

அத்தை செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டார். நான் போகவில்லை. படத்தையும் கடைசிவரை கொடுக்கவில்லை.

போன மாதம் கடைசியாக வந்தபோது தொப்பலாக நனைந்திருந்தார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டாமல், "அவன் அப்படி அடம்பிடிக்கிறவன் இல்லம்மா. சின்னதுலேந்தே தண்ணின்னா பயம். யாராச்சும் தைரியம் சொன்னாத்தான் காலை வப்பான்" என்றார். எனக்குப் பொங்கிவிட்டது. "எங்கண்ணன் பொய் சொல்ற ஆளில்ல. உங்க பிள்ளைதான் சொல்பேச்சு கேக்காமப் போய்ச் செத்தாரு" என்று கத்தினேன். துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் வரவே இல்லை.

சொன்னது சரிதானே அண்ணா?

சின்னு

செப்டம்பர் 15

சின்னு,

சரி இல்லை. அத்தை சொன்னதுதான் சரி.

அன்று மாப்பிள்ளை கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைத்தான் கேட்டார். "வாத்தியாரே, எவ்ளோ ஆழம் இருக்கும்? உங்களை நம்பித்தான் கால வைக்கிறேன்." தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "இடுப்பளவுதான் மாப்ள, தாராளமா இறங்குங்க" என்றேன்.

முப்பத்திரண்டு வருடம் இதைத்தானே பாடமாக நடத்தினேன்! டம்ளர் தண்ணீரில் பென்சிலை வைத்து, ஒடிந்த மாதிரித் தெரிகிறது பாருங்கள், தெளிந்த தண்ணீரில் கண் சொல்வதை நம்பக் கூடாது, தரை மேலே தூக்கித்தான் தெரியும், கரையிலிருந்து சாய்ந்து பார்த்தால் இன்னும் மோசம் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டேன். அன்று மூன்றடியாகத் தெரிந்தது ஆறடிக்கு மேல் இருந்தது. எனக்கும் நீச்சல் தெரியாது. கத்தத்தான் முடிந்தது.

வராந்தாவில் உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது அந்தப் பொய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஊர் ஊராகப் போய், மலையையும் ஏரியையும் உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மே மாதம் கிழித்த மூன்று கடிதத்திலும் இதுதான் இருந்தது. அதில் ஒன்றைத் தபாலில் போட்டிருந்தால் அந்த அம்மா பிள்ளையின் படத்தோடு போயிருப்பார்.

என்னைத் திட்டு. மாப்பிள்ளையைத் திட்டாதே.

அண்ணன்

அக்டோபர் 20

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய்ப் படித்தேன். விரிப்பை மடிக்கையில் என் முனை இரண்டு தடவை நழுவியது.

அத்தை வீடு பூட்டிக் கிடக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு போய் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். யாரிடம் கொடுப்பது? திரும்பக் கொண்டுவந்து சமையலறையில் மாட்டியிருக்கிறேன். படத்தில் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஒரு வருடமாக வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன், அத்தனையையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்.

கணக்குப் பிசகியதை நான் பொறுத்துக்கொள்வேன். மனுஷக் கண்தானே, ஏமாறும். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருடம் இருந்தது அண்ணா. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இனிமேல் எந்த ஊர்ப் பனியையும் மழையையும் எனக்கு எழுத வேண்டாம். இங்கே வரவும் வேண்டாம்.

எதையும் செய்து பார்த்தால்தான் புரியும் என்று வகுப்பில் சொல்வீர்களாமே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் எதிரில் நிற்கிற மாதிரி, "இறங்காதீங்க மாப்ள" என்று ஒரே ஒரு தடவை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.